இலங்கையின் கோல்ஃப் திடல் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

நான் கோல்ஃப் ஆடுபவன் அல்லன். ஆனால் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் அமர்ந்து, கோல்ஃப் ஆட வந்த விருந்தினர்களுக்கு ஆட்ட நேரம் பதிவு செய்து கொடுத்தும், வாகனம் ஒழுங்கு செய்து கொடுத்தும், பாதி ஆட்டத்தில் மழை வந்து நனைந்து திரும்பியவர்களின் சலிப்பைக் கேட்டும் இருபத்தொரு ஆண்டுகளைக் கழித்தவன். என் தகப்பனார் தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் திடலுக்குப் போய், ஆடுபவரின் மட்டைப்பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கும் கெடியாக வேலை செய்தவர். வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமையில் ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் ‘டீ டைம்’ எத்தனை மணிக்கு என்று கேட்டபோது, மாலை நான்கு மணிக்குப் பிஸ்கட்டோடு வரும் என்று பதில் சொன்னேன். தேயிலை நாட்டில் பிறந்தவன் வேறு என்ன சொல்வான்? அன்றிரவு தகப்பனார்தான் சிரித்து முடித்துவிட்டு, முதல் பந்தை அடித்துப் புறப்படும் நேரத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினார். இந்த அளவு தகுதியோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் நாட்டில் விருந்தினர் ஆடக்கூடிய திடல்களை ஒரு கை விரல்களில் எண்ணத் தொடங்கினால் அடுத்த கைக்கு அதிகம் மிஞ்சாது. 1879இல் தொடங்கப்பட்டு, 1896 முதல் ரிட்ஜ்வே திடலில் இயங்கிவரும் ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகம்; 1889இல் உருவான நுவரெலியா கோல்ஃப் கழகம்; விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி திகனையில் டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட திடல்; 2016இல் அம்பாந்தோட்டையில் ஷங்ரிலா ஹோட்டலோடு சேர்ந்து திறக்கப்பட்ட திடல்; இவற்றோடு திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் திடல். தாய்லாந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட திடல்கள் இருக்கின்றன. எண்ணிக்கையிலோ விலையிலோ அந்நாட்டோடு நாம் ஒருநாளும் போட்டியிட முடியாது என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் சந்தைப்படுத்தலைப் பற்றிப் பயனுள்ள வகையில் பேசத் தொடங்க முடியும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நீங்கள் செலவிடும் பணமெல்லாம் ஒரு விருந்தினரை முதல்முறை வரவழைப்பதற்கே போகிறது. அவரை இரண்டாம் முறை வரவழைப்பவர் நீங்கள் நாட்கூலி கொடுத்து வாசலில் காத்திருக்க வைத்திருக்கும் கெடி. உங்கள் வாடிக்கையாளர் பற்றிய மிகப் பெறுமதியான பதிவேடு அந்த மனிதரின் தலைக்குள் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் அதன் ஒரு வரிகூட இல்லை.

இதை நான் கண்ணால் கண்ட ஒரு நாள் உண்டு. எந்தத் திடல் என்பதைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அது எங்கும் நடந்திருக்கக்கூடியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் மனைவியோடு வந்து நான்கு நாட்கள் ஆடிச் சென்ற ஒரு விருந்தினர், ஓய்வு பெற்ற பின் மறுபடி வந்தார். பதிவு மேசையில் அவருடைய பெயரைக் கேட்டார்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள், முதல்முறை வருபவர்களுக்கான படிவத்தைக் கொடுத்தார்கள், அரைக்கால்சட்டையின் நீளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்கள். அவர் முகம் சுருங்கியதை அருகில் நின்று பார்த்தேன். அடுத்த நிமிடம் வாசற்படியில் குந்தியிருந்த ஒரு கெடி எழுந்து வந்து, “சேர், இப்பவும் பந்து வலப்பக்கம்தான் போகுதா? மெடம் வரலையா?” என்று கேட்டார். மனைவி முந்தைய ஆண்டு காலமாகிவிட்டிருந்தார். அந்த மனிதர் கெடியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு, பிறகு அவரோடு மெல்ல நடந்து முதல் குழிக்குப் போனார். அந்தக் கிழமை முழுவதும் ஆடினார், அதற்கடுத்த ஆண்டும் வந்தார். பதிவு மேசை அவரை அப்போதும் புதியவராகத்தான் வரவேற்றது.

வாடிக்கையாளர் விசுவாசம் என்று கருத்தரங்குகளில் பேசப்படும் பொருள் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பத்து முறை ஆடினால் ஒரு முறை இலவசம் என்ற அட்டை ஒரு திடலுக்கு அருகில் குடியிருப்பவருக்குப் பயன்படலாம்; மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கடல் கடந்து வருபவருக்கு அந்தப் பத்தாவது ஆட்டம் வருவதற்குள் முழங்கால் தேய்ந்துவிடும். அவருக்கு வேண்டியது தான் நினைவில் வைக்கப்பட்டிருக்கிறோம் என்ற அறிதல். அதை வழங்குவதற்கு ஒரு நூறு பக்கக் கொப்பியும், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கெடியிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்கும் ஓர் உத்தியோகத்தரும் போதும்: எந்த மட்டை அவருக்குக் கைகொடுத்தது, எந்தக் குழியில் ஐந்து பந்துகளைத் தொலைத்தார், நடக்கச் சிரமப்பட்டாரா, யாரோடு வந்தார், அடுத்து எப்போது வருவதாகச் சொன்னார். கேட்டதைக் கணினியில் ஏற்றுவதா கொப்பியில் எழுதுவதா என்பது உங்கள் வசதி. விருந்தினரின் சம்மதத்தைப் பெற்றே எழுதவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதை நிர்வாகங்கள் மறந்துவிடக் கூடாது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குக் கெடிக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒருவருடைய அறிவை வாங்கிக்கொண்டு அதற்கு விலை இல்லை என்று சொல்வது தோட்டக் காலத்துப் பழக்கம்.

கெடியின் அறிவு நினைவாற்றலோடு முடிவதில்லை. கடல் மட்டத்தில் இருக்கும் கொழும்பில் ஆடிவிட்டு அடுத்த நாள் ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கும் நுவரெலியாவுக்கு வருபவர், வழக்கமான மட்டையையே எடுத்து அடித்துவிட்டு, பந்து குழியைச் சுற்றியுள்ள கட்டைப்புல் தளமான கிரீனைத் தாண்டி மரங்களுக்குள் போய்விட்டதே என்று திகைப்பார். காற்றின் அடர்த்தி குறைந்த உயரத்தில் பந்து கூடுதலாகப் பறக்கும். இந்த விதியை எந்தப் புத்தகத்திலும் படிக்காத ஒருவர், “ஒரு நம்பர் கூட்டி எடுங்க சேர்” என்று குறைந்த தூரம் அடிக்கும் மட்டையைச் சொல்லி அந்த விருந்தினரின் நாளைக் காப்பாற்றுகிறார். கிரீனில் கண்ணுக்கு மேடாகத் தெரிவது உண்மையில் மலைச்சரிவின் பக்கமாக இறங்குகிறது என்பதையும் அவரே காட்டிக்கொடுக்கிறார். ஆட்டம் நன்றாகப் போனால் திடல் நல்ல திடல் என்றும், மோசமாகப் போனால் திடல் பராமரிப்பில்லாத திடல் என்றும் மனிதர்கள் சொல்வது வழக்கம். உங்கள் திடலின் பெயர் ஒவ்வொரு நாளும் அந்தக் கெடியின் வாயில்தான் இருக்கிறது.

இங்கே நம் நாட்டுக்கு மட்டும் அமைந்த ஒரு வாய்ப்பைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்த இந்த நாட்டுக்கு, 2021இல் இரண்டு இலட்சம் பேர்கூட வரவில்லை. அதற்கடுத்த ஆண்டின் எரிபொருள் வரிசைகளை நாம் யாரும் மறக்கவில்லை. 2024இல் எண்ணிக்கை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். சென்னையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் கோல்ஃப் ஆடும் தமிழர்கள் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அங்கே காலை எட்டு மணிக்கு மேல் திடலில் நிற்க முடியாது. அதே சித்திரையில் நுவரெலியாவில் காலைக்குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆடலாம், அதுவும் பக்கத்தில் நடப்பவரோடு தமிழில் பேசிக்கொண்டே ஆடலாம். பாங்கொக்கில் எந்த விலைக்கும் கிடைக்காத ஒன்று இது. இலங்கையின் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களில் என். தங்கராஜா, கே. பிரபாகரன் ஆகிய தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன; இருவரும் இந்தியத் தொழில்முறைத் தொடர்களில் ஆடி அங்குள்ளவர்களுக்கு அறிமுகமானவர்கள். சென்னைக்குப் போடும் அழைப்பிதழை அவர்களைக் கொண்டு தமிழில் தயாரிக்கலாமே. சூரியன் மறையும் படத்துக்குக் கீழே எந்த நாட்டுக்கும் பொருந்தும் நான்கு ஆங்கிலச் சொற்களைப் போடுவதைவிட அது பலிக்கும்.

விலைக்கழிவு பற்றியும் சொல்லவேண்டும். ஆட்ட நேரம் என்பது பாலைப் போன்றது, அன்றைக்கு விற்காவிட்டால் அன்றைக்கே வீணாகிவிடும் என்று ஒரு முகாமையாளர் என்னிடம் சொன்னார். உண்மைதான். காலை ஆறரையிலிருந்து பகல் ஒன்றரை வரை பத்து நிமிடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு நான்கு பேர் என்று வைத்தால் ஒரு நாளில் ஏறக்குறைய 170 பேரை அனுப்பலாம். பதினெட்டுக் குழிகளுக்கு நான்கரை மணி நேரம் பிடிப்பதாலும், நம் நாட்டில் ஆறேகால் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடுவதாலும் அதற்குப் பிறகு முழு ஆட்டத்தை விற்க முடியாது. இந்த 170 இடங்களில் பெரும்பாலானவை வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, பாதி விலைக்காவது கொடுத்துவிடுவோம் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் பாதி விலைக்கு வாங்கியவர் அடுத்த முறை முழு விலை கொடுப்பாரா? முழு விலை கொடுத்து வந்த மற்றவர், தேநீர் மேசையில் அந்தப் பாதி விலையைக் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்? இரண்டாமவரின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் சில இணையப் பதிவு நிறுவனங்கள், மென்பொருளுக்குப் பணம் கேட்காமல், அதற்குப் பதிலாக நாளொன்றுக்கு ஓரிரு ஆட்ட நேரங்களைப் பண்டமாற்றாக வாங்கிக்கொண்டு, அவற்றைத் தாம் விரும்பிய குறைந்த விலைக்கு விற்கும் முறையைக் கொண்டுவந்தன. கையிலிருந்து காசு போகவில்லையே என்று திடல்கள் மகிழ்ந்தன. தம் திடலின் விலையைத் தாமே வைக்கும் உரிமை போய்விட்டது என்பதும், விருந்தினரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கின்றன என்பதும் பிற்பாடுதான் அங்குள்ள உரிமையாளர்களுக்கு உறைத்தன. நம்மிடம் இப்படி ஒரு பேரத்தை யாராவது கொண்டுவந்தால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி விருந்தினரின் விபரம் யாரிடம் இருக்கும் என்பதே.

வெறுமையான நேரத்தை விற்கத்தான் வேண்டும் என்றால், குறைத்து விற்பதற்குப் பதிலாக வேறு பொருளாக்கி விற்கலாம். பகல் இரண்டு மணிக்குப் பிறகு ஒன்பது குழி ஆட்டம். கெடியே ஆசிரியராக இருந்து, வாழ்நாளில் மட்டையைத் தொடாத தேனிலவுத் தம்பதிக்கு மூன்று குழிகளைச் சுற்றிக்காட்டும் ஒரு மணி நேரம். வெசாக்குக்கும் புத்தாண்டுக்கும் குடும்பத்தோடு வரும் கொழும்பு மக்களுக்கு மாலையில், பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் பட்டிங் கிரீனும் ஒரு கோப்பைத் தேநீரும். நுவரெலியாத் திடல் நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அதன் ஓரமாக நடந்துபோகும் ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலானோர் அது தமக்கான இடம் அல்ல என்று நினைத்தே கடந்து போகிறார்கள். வேலி உயரமில்லை. ஆனாலும் அது நன்றாகவே வேலை செய்கிறது.

அடுத்தது மழை. மலையகத்தில் காலை வெயிலை நம்பிப் புறப்பட்டவர் ஏழாவது குழியில் மூடுபனியிலும் ஒன்பதாவது குழியில் கொட்டும் மழையிலும் மாட்டுவது அதிசயமே இல்லை. வைகாசி முதல் தென்மேற்குப் பருவக்காற்றும், ஐப்பசியில் இடைப்பருவ மழையும் இதைத் தவறாமல் செய்கின்றன. மழையால் நின்ற ஆட்டத்துக்கு, ஆடாத குழிகளுக்குரிய தொகையை இன்னொரு நாளில் பயன்படுத்தக்கூடிய மழைச்சீட்டாகக் கொடுப்பது பல நாடுகளில் வழக்கம். இங்கே ஒரு திடலில் என் விருந்தினர் ஒருவர் ஆறு குழிகளே ஆடிய நிலையில் முழுப் பணத்தையும் இழந்து திரும்பினார். மழைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று சொல்லப்பட்டது. சட்டப்படி சரியான பதில். ஆனால் அவர் ஊருக்குப் போய்த் தன் நண்பர்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த மழைச்சீட்டை நாட்டின் எந்தத் திடலிலும் இரண்டு ஆண்டுகளுக்குள் பயன்படுத்தலாம் என்று வைத்துப் பாருங்கள்: மழை பெய்த ஒவ்வொரு நாளும் அடுத்த பயணத்துக்கு ஓர் அழைப்பிதழ் போய்ச் சேரும்.

இதைச் சொல்லும்போதே நீங்கள் தனித்தனியாக நிற்பது ஏன் என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஒரே ஒரு திடலுக்காக யாரும் நாடு விட்டு நாடு வரமாட்டார்கள். ஆனால் கொழும்பில் திடலின் ஊடாகக் களனிவெளிப் புகையிரதம் கடந்து போகும்வரை மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருந்து ஆடி, திகனையில் நீர்த்தேக்கத்தையும் மலைகளையும் பார்த்து ஆடி, நுவரெலியாவில் குளிரில் ஆடி, அம்பாந்தோட்டையில் கடற்காற்றில் ஆடி முடிக்கும் பத்து நாட்களுக்காக வருவார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு திடல்களின் பதிவு மேசைகள் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்து, “இவர் நாளை உங்களிடம் வருகிறார், முதுகுவலி இருக்கிறது, நல்ல கெடியாகப் பார்த்துக் கொடுங்கள்” என்று சொல்லிக்கொண்டதே இல்லை. அந்த வேலையை என்னைப் போன்ற ஹோட்டல்காரர்களே செய்துவந்தோம். நான்கு இடங்களிலும் செல்லுபடியாகும் ஒரு பொதுக் கடவுச்சீட்டு, ஒவ்வொரு திடலிலும் கெடியின் கையெழுத்தோடு ஒரு முத்திரை, நான்கையும் முடித்தவருக்கு மறுமுறை வரும்போது தனக்குப் பிடித்த கெடியைப் பெயர் சொல்லி முன்பதிவு செய்யும் உரிமை: இதற்கு ஆகும் செலவு அச்சுக்கூலி மட்டுமே.

மட்டைகளைப் பற்றி ஒரு சொல். விமானத்தில் பை கொண்டுவருவது செலவும் தொல்லையும் என்பதால் பலர் வெறுங்கையோடு வருகிறார்கள். அவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் மட்டைகளின் பிடி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், அந்தத் திடலின் புல் எவ்வளவு பசுமையாக இருந்தும் பயனில்லை.

ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் உள்ள பழைய திடல் உலகிலேயே மிகப் புகழ்பெற்றது என்றாலும் அது பொதுத்திடல். வெளியூரிலிருந்து வருபவர்கள் பெயர் கொடுத்துக் குலுக்கலில் இடம் கிடைக்கக் காத்திருக்கிறார்கள். உள்ளூர்வாசிகள் ஆண்டுச்சீட்டு எடுத்துத் தம் ஊர்த்திடலில் ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர்மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அதன்மீது உலாவுகிறார்கள். அந்தத் திடலின் மதிப்பு அதனால் குறையவில்லை. இங்கே பாதையோரத்து மரக்கொம்பை ஒடித்து, சப்பிய பந்தொன்றை அடித்துப் பழகும் பிள்ளைகளை நான் சிறுவயதிலிருந்து பார்த்துவருகிறேன். நானும் அடித்திருக்கிறேன், மோசமாக. மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலையில் கெடிகளின் பிள்ளைகளுக்காவது மூன்று குழிகளைத் திறந்துவிட்டால் உங்கள் புல்லுக்கு ஒன்றும் ஆகிவிடாது. கெடி வேலைக்கு இப்போது இளைஞர்கள் வருவதில்லை என்று நீங்கள் குறைப்படுவது என் காதிலும் விழுகிறது. கொழும்புக் கடைகளில் மாதச்சம்பளம் கிடைக்கும்போது, விடியற்காலையில் வந்து குந்தியிருந்து ஒரு பை கிடைக்குமா என்று பார்க்கும் வாழ்க்கையை அவர்கள் ஏன் தேர்ந்தெடுக்கவேண்டும்? இன்று இருக்கும் முதிய கெடிகள் ஒவ்வொருவராக ஓய்ந்துபோகும்போது, நான் மேலே சொன்ன பதிவேட்டின் பக்கங்களும் ஒவ்வொன்றாகக் கிழிந்து போகின்றன. குறைந்தபட்ச நாட்சம்பளம், மழைக்கோட்டு, ஒதுங்கி உட்கார ஒரு கூரை, பெயர் பொறித்த அட்டை ஆகியவற்றை விளம்பரச் செலவுக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் இதைவிட உருப்படியான செலவு வேறில்லை என்பது என் கருத்து.

ஜனவரி முதல் ஏப்ரல் வரையான அடுத்த சீசனுக்கு முன் இந்த நான்கு திடல்களின் நிர்வாகத்தினரும் ஒருமுறை சந்தித்து, மழைச்சீட்டையும் பொதுக் கடவுச்சீட்டையும் பற்றியாவது பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சந்திப்புக்கு ஒவ்வொரு திடலிலிருந்தும் ஒரு மூத்த கெடியை அழையுங்கள். வாசலில் நிறுத்தாமல் மேசையில் நாற்காலி போடுங்கள். என்னிடம் இருபத்தொரு ஆண்டுக் குறிப்பேடுகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள பெயர்களை உங்களுக்குத் தரமாட்டேன், ஏனென்றால் அந்த விருந்தினர்கள் என்னை நம்பிச் சொன்னவை அவை. ஆனால் அப்படி ஒரு குறிப்பேட்டை எப்படி எழுதுவது என்று உங்கள் பதிவு மேசையில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அழைத்தால், பஸ் கட்டணம்கூடக் கேட்காமல் வந்து சேர்வேன்.

இங்ஙனம்,
நுவரெலியாவிலிருந்து
ஒரு முன்னாள் ஹோட்டல் வரவேற்பாளன்